வெண்ணெய் தடவிய துண்டு

பாரா பிரித் சுடுவதில் பக்கத்துத் தெரு எலினெட்டை மிஞ்ச எங்கள் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. அவளைப் பிடிக்காத நானே அதை ஒப்புக்கொள்கிறேன். உலர்திராட்சையைத் தேநீரில் ஊறப்போட்டுச் செய்கிற ரொட்டி. மேலே உப்பு வெண்ணெய் தடவ வேண்டும். நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். விசாரிக்க வந்த வீட்டில் சாப்பிடக் கூடாது என்று விலங்கு நலச் சங்கத்தில் விதி இருக்கிறதோ என்னவோ.

பெரோ என் கணவருடைய நாய். எம்ரிஸ் இறந்த பிறகும் அது அவருடைய நாயாகவே இருந்தது. சாப்பாடு வைப்பது நான். அது பார்த்துக்கொண்டு படுத்திருப்பது வாசற்கதவை. ஊர்க்காரர்களும் அப்படித்தான், அவருடைய ஆட்கள். அடக்கத்தன்று வந்து, தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் போனவர்கள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல். என் மடியிலிருந்து ஒரு துண்டு விழுந்தது, அது தின்றது. மறுநாள் எழுந்திருக்க முடியாமல் வாந்தி எடுத்தது. எங்கள் ஊரில் இருந்த கால்நடை மருத்துவமனையை மூடிவிட்டார்கள். மலையைத் தாண்டி நகரத்துக்குப் போக வேண்டும். எலினெட்தான் காரை எடுத்தாள். நான் உள்ளே போனபோது அவள் காரிலேயே இருந்தாள். திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், இனிக் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்றார் டாக்டர் கெத்தின். பிறகு கட்டணத்தைச் சொன்னார். எம்ரிஸ் நாய்க்குக் காப்பீடு எடுத்தவர் இல்லை.

வெளியே வந்து கட்டணத்தை மட்டும் எலினெட்டிடம் சொன்னேன். திராட்சையைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்தப் பணத்தைச் சேர்க்க அவள் தேவாலயக் கூடத்தில் ரொட்டி விற்பனைக்கு ஏற்பாடு செய்தாள். ஊரே சுட்டது, ஊரே வாங்கியது. பெயர்கூடத் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரோ எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டார்கள். விற்காத ரொட்டிகளை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். பெரோ தலையை என் பாதத்தின் மேல் வைத்துத் தூங்கியது.

பிறகு அதற்கு உடம்பு தேறியது. மறுபடியும் கதவருகே போய்ப் படுத்துக்கொண்டது. யாரும் வரவில்லை. அலமாரியில் ரொட்டி இருந்தது.

இரண்டாம் தடவை, குப்பையில் எதையாவது தின்றிருக்கும் என்று டாக்டரிடம் சொன்னேன். இன்னொரு விற்பனை நடந்தது. மூன்றாம் தடவை எலினெட் என்னோடு உள்ளேயே வந்துவிட்டாள். டாக்டர் திராட்சை என்று சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் சுட்டுக் குடுத்ததா?" என்றாள்.

அவள் அப்படி நினைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பழைய குணம் திரும்பிவிட்டது. "ஊரே அடுப்புல வெந்து காசு சேர்க்குது. உனக்கு ஒரு அலமாரியப் பூட்டி வைக்கத் துப்பில்ல. நாளைக்கு வந்து இவன எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் நெஸ்டா. உன் கையில இவன் தேற மாட்டான்."

பெரோ அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. எனக்கு அது ஒருபோதும் ஆட்டியதில்லை.

அவள் போனதும் மீதமிருந்த ரொட்டி முழுவதையும் நறுக்கினேன். ஒவ்வொரு துண்டுக்கும் வெண்ணெய் தடவி, என் கையால் ஊட்டினேன். அவன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு தின்றான். டாக்டருக்கு நான் ஃபோன் செய்யவில்லை. மறுநாள் எலினெட் வந்து கதவைத் தட்டியபோது திறக்கவும் இல்லை. கடைசிவரை அவன் தலை என் மடியில்தான் இருந்தது. அவனை அப்படிக் கவனித்துக்கொள்ள எலினெட்டால் முடிந்திருக்காது.

அவள் இப்போது சுடுவதையே விட்டுவிட்டாளாம். இது நானே சுட்டது. அவள் கைப்பக்குவம் வரவில்லை.

உங்கள் காரில் ஒரு நாய் உட்கார்ந்து இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பாவம், குளிரும். உள்ளே கூட்டி வாருங்களேன்.