தண்ணீர் ஊற்றியவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் டோல்னா ரெகா கால்பந்துக் கழகத் தலைவர் அவர்களே, தலைநகரிலிருந்து பனிச் சாலையில் இவ்வளவு தூரம் வந்திருக்கும் கால்பந்துக் கூட்டமைப்பின் பிரதிநிதி அவர்களே, எங்கள் தலைமை ஆசிரியர் அவர்களே, கையில் கறுப்புப் பட்டை கட்டி அமர்ந்திருக்கும் நம் ஆட்டக்காரர்களே, மண்டபத்தில் இடம் போதாமல் படிக்கட்டில் நிற்கும் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் சோன்கா அத்தை அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் யோவ்கா. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். கழகத் தலைவரின் மகள். மறைந்த டாக்டர் ஹரலம்பி ஜெலெவ் அவர்களின் எதிர்வீட்டுப் பெண். பள்ளியின் சார்பில் சில வார்த்தைகள் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். என் கையில் இருப்பது ஆசிரியர் திருத்திக் கொடுத்த தாள் அல்ல. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நானே எழுதியது. என் குரல் நடுங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது.

ஹரலம்பி மாமா போய் இன்று நாற்பதாம் நாள். ஊரில் ஒவ்வொரு கம்பத்திலும் அவருடைய படம் ஒட்டியிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறார், ரொட்டிக் கடைக் கதவில் இருக்கிறார், மைதானத்து வாசலில் இருக்கிறார். எங்கே போனாலும் அவர் நம்மைப் பார்க்கிறார். நம்மால் அவரைப் பார்க்க முடிகிறதா?

யார் அவர்? மாட்டுக்கும் குதிரைக்கும் மருத்துவர். மாலையில் நம் அணியின் பயிற்சியாளர். இரண்டு வேலைக்கும் அவரிடம் ஒரே பைதான். குதிரைக்குத் தடவும் தைலத்தைத்தான் நம் ஆட்டக்காரர்களின் முழங்காலிலும் தடவினார். கோல்கீப்பர் பிளாமென் அண்ணன் ஒருமுறை கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தியபோது அவர் சொன்னது இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

"கத்தாதேடா. குதிரைக்குக் கால் போனா சுட்டுடுவாங்க. உனக்கு ரெண்டு நாள் லீவு தர்றேன். சந்தோஷப்படு."

"அது என்ன தைலம் மாமா, இப்படி நாறுது?"

"எதிராளி கிட்ட வராம இருக்கத்தான்!"

அப்படிப்பட்ட மனிதர் ஓர் அணியை வைத்திருந்தார். ரொட்டி சுடுபவர், தபால்காரர், இரண்டு மர அறுவைத் தொழிலாளிகள், கல்லூரி விடுமுறையில் வரும் பையன்கள். தேசியக் கோப்பைக்குப் பெயர் கொடுத்தபோது ஊரே சிரித்தது. நாம்தானே சிரித்தோம்? ஆகஸ்டில் முதல் சுற்று, மலைமேல் ஒரு கிராமத்தில். உடை மாற்ற அறை இல்லை என்று ஆட்டுப் பட்டியில் மாற்றினார்கள். வென்றார்கள். அடுத்த சுற்றில் கூடுதல் நேரம் வரை போய் வென்றார்கள். அதற்கும் அடுத்ததில் பிளாமென் அண்ணன் கடைசிப் பெனால்டியை மூக்கால் தடுத்தார். மூக்கு உடைந்தது, வென்றார்கள்! சிரித்த ஊர், கொடி தைக்க ஆரம்பித்தது.

அந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாமா வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் மனைவி சோன்கா அத்தை செப்புக் குடத்திலிருந்து வாசலில் தண்ணீர் ஊற்றுவார். எல்லா வீட்டிலும் செய்வதுதான். தேர்வுக்குப் போகும்போது எனக்கும் அம்மா ஊற்றுவார். போகும் காரியம் தண்ணீர்போல் தடையில்லாமல் ஓடட்டும் என்பதற்காக. ஆனால் மூன்று சுற்று வென்ற பிறகு ஊர் என்ன பேசியது? "ஜெயிக்கிறது பசங்க இல்ல, சோன்கா ஊத்துற தண்ணி" என்று பேசியது. விளையாட்டாகத்தான் பேசினோம். அப்புறம் நிஜமாகவே நம்பினோம்.

டிசம்பர் வந்தது. முதல் பிரிவு அணி ஒன்று நம் மைதானத்துக்கு வந்தது. எங்கள் ஊர் வரலாற்றிலேயே இல்லாத நாள். காலையில் குழாய்கூட உறைந்திருந்தது.

நான் அன்று என் ஜன்னலில் நின்றிருந்தேன். சோன்கா அத்தை என்ன செய்தார் தெரியுமா? முதலில் அடுப்புச் சாம்பலை வாரிவந்து வாசல் கல் முழுக்கத் தூவினார். அதன்மேல் குடத்திலிருந்து கொஞ்சம்போலத் தெளித்தார்.

மாமா கேலி செய்தார். "என்னடி, கஞ்சத்தனம்? இன்னிக்கு முதல் பிரிவுடி, இவ்வளவுதானா?"

"வழுக்கி விழுந்தா யாரு பாக்குறது? பேசாம போங்க."

அவர் அந்தச் சாம்பல்மேல் மிதித்து, நேராக நடந்து, தெருமுனையில் திரும்பி என் ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அத்தை எப்போதும் ஆட்டம் பார்க்க வரமாட்டார். பயம். மாமா வாசல் கல்லில் கால் வைக்கும் முன்பே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அவர் நடந்து போனதைப் பார்க்கவே இல்லை.

மைதானத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உடை மாற்றும் அறையிலிருந்து புல்வெளிக்குப் போகும் அந்தச் சிமென்ட் பாதையில் ஊரே நின்றது. வாளி, கெண்டி, பால் தூக்கு, பூவாளி! அணி வெளியே வருவதற்குள் எல்லோரும் ஊற்றினார்கள். நான் ஊற்றவில்லை. நல்ல புத்தியால் அல்ல, கிணற்றடி வரிசையில் என் முறை வரவில்லை. கழகத் தலைவரான என் அப்பா இரண்டு வாளி ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் நம் கண்முன்னே கண்ணாடியாக இறுகியது. ஆட்டக்காரர்கள் ஆணிக் காலணியோடு கடந்துவிட்டார்கள். கடைசியாக வழுவழுப்பான தோல் காலணியோடு வந்தவர் ஹரலம்பி மாமா.

விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

பிளாமென் அண்ணன் ஓடிவந்து தூக்கினார். மாமா சிரித்தார். "குதிரையா இருந்தா இப்ப என்னைச் சுட்டிருக்கணும்டா. போ, கோல்ல நில்லு." இடுப்பு எலும்பு உடைந்த மனிதர் வேலியைப் பிடித்துக்கொண்டு முழு ஆட்டமும் நின்றார்! நாம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதபோது அவர் மட்டும் வேலியை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவார் என்று நமக்குத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் கதவருகில் அப்பாவோடு நானும் நின்றேன். நர்ஸ் அக்கா கேட்டார். "எங்க விழுந்தீங்க?"

மாமா அப்பாவைப் பார்த்தார். மைதானத்தில் விழுந்தார் என்று எழுதினால் விசாரணை வரும், பாதை சரியில்லை என்பார்கள், அடுத்த சுற்றுக்கு நம் மைதானம் கிடைக்காது. அது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

"வீட்டு வாசல்ல," என்றார் மாமா. "காலையிலயே."

"காலையில விழுந்துட்டு ஆட்டம் முழுக்க நின்னீங்களா? பொய் சொல்றதுக்கும் ஓர் அளவு வேணும் டாக்டரே."

"நான் மாட்டு டாக்டர்மா. எங்க அளவெல்லாம் பெரிசு."

கதவு மூடும் முன்பு அப்பாவின் கையைப் பிடித்தார். "தம்பி, அந்தப் பாதையில உப்பு போடச் சொல்லு. சோன்காகிட்ட உண்மையை நானே சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு நினைவு சரியாகத் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்தது. பசங்களுக்காக அவர் சொன்ன ஒரு பொய், அவர் மனைவியின் வாசலில் போய் நின்றுவிட்டது.

பெரியோர்களே! அந்தப் பொய்யை நாம் என்ன செய்தோம்? வளர்த்தோம். அடுத்த மாதம் தலைநகர் அணி நம் ஊருக்கு வருகிறது என்ற சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டோம். ரொட்டிக் கடையில் என் காது கேட்கவே சொன்னார்கள். "பாவம் சோன்கா. தன் கையாலயே ஊத்திட்டாளே." சொன்னவர் அன்று கெண்டியோடு வந்தவர்.

புத்தாண்டு முடிந்த மறுநாள் சோன்கா அத்தை சுத்தியலால் தன் வாசல் கல்லை உடைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"இதுதாண்டி அவரைக் கொன்னுது. நான் ஊத்தின தண்ணி."

"இல்ல அத்தை..." என்றேன். அதற்குமேல் சொல்ல விடாமல் அப்பா எதிர்வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது.

இப்போது முடிக்கிறேன். அத்தை, அவர் உங்கள் வாசலில் விழவில்லை. உங்கள் சாம்பல்மேல் நேராக நடந்து போனார். நான் பார்த்தேன். அவர் விழுந்தது எங்கள் தண்ணீரில்.

பிரதிநிதி அவர்களே, நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் மைதானத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகர் அணியை அவர்களுடைய ஊரிலேயே போய்ச் சந்திப்போம். தோற்றால் ஆகஸ்டில் முதல் சுற்றிலிருந்து ஆரம்பிப்போம். ஹரலம்பி மாமா விட்டுச்சென்ற அணியை நாங்கள் கலைக்க மாட்டோம். அவர் சொல்லாமல் விட்டுப்போன ஒரு வார்த்தையையும் இனி யாரிடமும் மறைக்க மாட்டோம். இது எங்கள் உறுதி.

என்னை வீட்டில் என்ன செய்வார்களோ தெரியாது. பயமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மறைந்தவருக்காக எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்பது வழக்கம். இன்று எல்லோரும் எழ வேண்டாம். அன்று அந்தப் பாதையில் தண்ணீர் ஊற்றியவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள். சோன்கா அத்தை திரும்பி உங்களைப் பார்க்கட்டும்.

அப்பா, நீங்கள் முதலில் எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள்.