‘ஏறக்குறைய முடிந்தது’ என்ற கட்டத்தை அழித்தவருக்கு

கேள்வியையே கைவிளக்காக்கி எங்களை வழிநடத்தி, இன்று பணி ஓய்வு பெறும் திட்ட ஒருங்கிணைப்பாளர் அவர்களே! ஆணையிடாமல் ஆளத் தெரிந்த அன்புடையவரே! அவசரத்தின் நடுவிலும் ஆவல் குறையாத எங்கள் அக்காவே!

பதினான்கு ஆண்டுகளில் முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட இருவாரத் திட்டங்களை எங்களோடு நின்று வகுத்தீர்கள். தினமும் காலையில் பலகை முன் நாங்கள் கூடும்போது, “இன்னிக்கு யாருக்கு என்ன தடை?” என்று நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்போல் கேட்பீர்கள். அந்தக் கேள்வி உங்களுக்கு எப்படிச் சலிக்கவே இல்லை என்பது எங்களுக்கு இன்றும் வியப்பு. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவரிடம் விசாரித்தோம். “வீட்லயும் அதே கதைதான். காபி அஞ்சு நிமிஷம் லேட்டானா, எனக்கு என்ன தடைன்னு கேக்கறா” என்றார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் விடுப்பில் போனீர்கள். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் செய்த கூத்தை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம். செய்ய வேண்டியவை, செய்பவை, முடிந்தவை என மூன்றே கட்டங்கள் இருந்த பலகையில், ‘ஏறக்குறைய முடிந்தது’ என்று நாலாவதாக ஒன்றை வரைந்தோம். எழுதிய மென்பொருள் நிரல் சரியாக ஓடுகிறதா என்று யாரும் பார்க்கும் முன்பே வேலைச் சீட்டை அங்கே ஒட்டிவிட்டு, நிம்மதியாக அடுத்த வேலைக்குத் தாவினோம்.

நீங்கள் திரும்பி வந்த காலையில் அங்கே இருபத்து மூன்று சீட்டுகள். கோபிக்கவில்லை. “அட, இது புதுசா இருக்கே! இதெல்லாம் யாருக்காகக் காத்திட்டிருக்கு?” என்று ஒவ்வொரு சீட்டாகக் கேட்டு, மூலையில் பெயர் எழுதினீர்கள். இருபத்து மூன்றிலும் ஒரே பெயர். நிரல்களைச் சரிபார்க்கும் எங்கள் ஒரே சோதனையாளரின் பெயர்.

அவரால்தான் எல்லாம் தாமதம் என்று மேலாளர் முதல் நாங்கள்வரை பேசித் தீர்த்திருந்தோம். அவரும் அதை நம்பி, ராஜினாமாக் கடிதத்தோடுதான் அன்று வந்திருந்தார். “இவங்க லேட் இல்ல. ஒருத்தர் போற வழியில நாம இருபத்து மூணு வண்டிய விட்டிருக்கோம்” என்றீர்கள். அந்த நாலாவது கட்டத்தை அழித்தீர்கள். குவியல் கரையும்வரை யாரும் புது வேலை தொடக்கூடாது, எல்லோரும் சோதிக்க வேண்டும் என்றீர்கள். வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று மேலாளரிடம் நீங்களே போய்ச் சொன்னீர்கள்.

நாங்கள் ‘மின்னல்’ என்று அழைக்கும் மூத்த நிரலாளர் முறைத்தார். “நான் கோட் எழுத வந்தேனா, பட்டன் அமுக்க வந்தேனா?” மறுநாள் அவரே, “எந்தப் புண்ணியவான் எழுதினது இது? தொட்டாலே விழுது!” என்று கத்தினார். சோதனையாளர் தலை நிமிராமல், “நீங்கதான் சார்” என்றார். அந்த மாதத்தில் அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

அன்று மாலை சோதனையாளர் அந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்து உங்களிடம் நீட்டினார். நீங்கள் பிரிக்கவே இல்லை. “இத எந்தக் கட்டத்துலம்மா ஒட்றது?” என்று மட்டும் கேட்டீர்கள்.

“ஏறக்குறைய முடிஞ்சதுல. அதத்தான் நீங்க அழிச்சிட்டீங்களே அக்கா” என்று கடிதத்தைக் கிழித்தார்.

பண்பின் பெருந்தகையே! தாமதமான வேலையைக் கண்டால் நாங்கள் ஆளைத் தேடுவோம். நீங்கள் காரணத்தைத் தேடுவீர்கள். அந்த ஆவல் ஒருவரை எங்களிடமே தங்கவைத்தது. திங்கட்கிழமை காலை உங்கள் இடத்தில் நிற்கப்போகிறவர் அவர்தான். முதல் நாள் எங்களிடம் என்ன கேட்கப்போகிறார் என்று ஒரு வாரமாக அவரைத் துளைக்கிறோம். “வந்து பாருங்க” என்கிறார். வார விடுமுறை முழுவதும் இதே யோசனையாக இருக்கப்போகிறோம், அக்கா!

உடல்நலமும் உள்ளமகிழ்வும் உங்களை விட்டு அகலாதிருக்கட்டும். பேரப்பிள்ளை கேட்கும் ஆயிரம் கேள்விகளுக்கும் பதில் சொல்லும் நீண்ட ஓய்வு வாய்க்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
நிரலாளர்கள், வடிவமைப்பாளர்கள், மேலாளர்,
இப்போது மூவராகிவிட்ட சோதனையாளர்கள்