ஷாமிளாவின் செயலிக்கு நான் வைத்த வரம்பு

அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் சேர், எந்தச் செயலியும் தேவைக்கு மேல்தான் மெமரி கேட்கும். எழுதியவர்களுக்குப் பயம். மாவனல்லையில் எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு செயலிகள், மூன்று சேர்வர்கள். எது எங்கே ஓட வேண்டும், எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்பதை ஒரு மென்பொருள் கவனிக்கிறது. வரம்பைத் தாண்டும் செயலியை அது நிறுத்திவிட்டு மறுபடி தொடக்கும். அந்த வரம்புகளை அளவாக வெட்டும் வேலையை எங்கள் முதலாளி நஸீம் நானா என்னிடம் கொடுத்தார். இவ்வளவு சுவாரசியமான வேலை எனக்கு வேறு வாய்த்ததில்லை.

முதலில் என் செயலியைத்தான் வெட்டினேன். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதைப் பதிவது அது. இரண்டு வருட உழைப்பு. பாதியாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது ஷாமிளாவுடையது. அவள் கேகாலைப் பக்கத் தோட்டத்து லயத்துப் பெண், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவள், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். நாற்பது மழைமானிகளின் கணக்கை வாங்கி, மண் சரியும் அபாயம் தெரிந்தால் லயங்களுக்கு மெசேஜ் அனுப்பும் செயலி. ஒக்டோபரில் அது ஒரு லயத்தையே வெளியேற்றிக் காப்பாற்றியது. தோட்டத்தார் மாலையோடு வந்தார்கள். நானா எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"இந்தப் புள்ளக்கி ஈக்கிற மூளயப் பாருங்க. றிப்தி, ஒன்ட ஆப்பு கொழுந்தத்தான் நிறுக்கும். இவட ஆப்பு ஆள காப்பாத்தும்."

நானும் கைதட்டினேன். நன்றாகவே தட்டினேன்.

அவள் கேட்டிருந்தது ஆயிரம் எம்பி மெமரி. ஜனவரியிலிருந்து மூன்று மாத கிராபை எடுத்தேன். எண்பதைத் தாண்டவில்லை. நூற்றைம்பது வைத்தேன்.

"அண்ணே, அது வெயில் மாசங்க," என்றாள். "மழ புடிச்சா நாப்பது மானியும் ஒன்னாக் கத்தும். பத்தாதுங்க."

அது எனக்கும் தெரியும் சேர். ஒக்டோபர் கிராபையும் பார்த்திருந்தேன், எழுநூற்றுப் பத்து. நானாவுக்கு அனுப்பிய அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். மழை வரும், செயலி விழும், அவளும் கொஞ்சம் இறங்கி வருவாள் என்று நினைத்தேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரைக்கு அழைத்தாள். லீவில் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, மெசேஜ் வரலீங்க. மேல வடிகான்ல தண்ணி சேறாக் கலங்கி வருது. வெளிய வாங்கன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க. ஒன் ஆப்புலயே மெசேஜ் வரலியே, என்னத்துக்குப் பயப்புடுறன்னு சிரிக்கிறாங்க. கொஞ்சம் ஏத்தி விடுங்க."

திரையைப் பார்த்தேன். செயலி விழுந்து எழுந்து மறுபடி விழுந்துகொண்டிருந்தது. பதினான்காவது தடவை. வரம்பை ஏற்ற எனக்கு அரை நிமிடம் போதும்.

"மெயில் ஒண்டு போடுங்க. நானாவுக்கும் கொப்பி வைங்க," என்றேன். எங்கள் அலுவலகத்தில் எந்த மாற்றத்துக்கும் மெயில் வேண்டும். அது நான் போட்ட விதியல்ல.

மூன்று நாற்பத்திரண்டுக்கு மெயில் வந்தது. "வரம்பை ஆயிரமாக்கவும், அவசரம்" என்று ஒரே வரி. எவ்வளவு தேவை என்று எழுதியிருந்தாளே தவிர, காரணம் எழுதவில்லை. காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். நானா வாசிக்கும் இடத்தில், நான் குறைத்தது சரி, மழைக்கு மட்டும் ஏற்றவும் என்று அவள் எழுதினால் போதும் எனக்கு.

அவள் லயத்து வாசலில் நின்றபடி, போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு எழுதியதாகப் பிறகு சொன்னார்கள். மூன்று ஐம்பத்தைந்துக்கு மலை இறங்கியது. லயத்தில் ஆறு காம்பரா மண்ணுக்குள் போனது, பதினொரு பேர், அதில் அவளும்.

நான்கு மணிக்கு வரம்பை நானே ஏற்றினேன். மெயில் இல்லாமலே ஏற்றினேன், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிமிடத்தில் எல்லா லயத்துக்கும் மெசேஜ் போனது. நல்ல செயலிதான் சேர், நான் இல்லையென்று சொல்லவேயில்லை.

இப்போது அதைப் பார்க்க ஆளில்லை. நானா யாரையோ கொழும்பிலிருந்து எடுக்கப் பார்க்கிறாராம். எந்த மழைக்கு அதற்கு எவ்வளவு வேண்டும் என்று என்னைப்போல் அறிந்தவர் யாருமில்லை. அதை என்னிடம் தருவதுதானே முறை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் சேர்?