நாலு மூலைக்கும் மஞ்சள்

— "அகிலமெங்கும் வாழும் அன்பு நெஞ்சங்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு! வேங்கிக்கால் ஈன்றெடுத்த வீரமங்கை, செவிலியர் குல திலகம், செல்வி ச. சினேகா பி.எஸ்சி. நர்சிங் அவர்களின் ஜெர்மனி நாட்டுப் பயணம், தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இவண், தந்தை கோ. சடையன், கலெக்டர் அலுவலகம், ஓய்வு." படிச்சிட்டேண்ணே. இதுல ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதா?

— கூடாது விமலு. மூணு நாளா உக்காந்து எழுதினது.

— தப்பா நினைக்காதீங்கண்ணே. பொண்ணுக்குக் கிடைச்ச வேலை கைவிட்டுப் போனதைப் பெருமையுடன் தெரிவிச்சுக்கற முதல் ஆளு, இந்த ஜில்லாவுலயே நீங்கதான்.

— கைவிட்டுப் போவல. ஒத்திவெச்சிருக்குது. வார்த்தையைப் பார்த்துப் பேசு. கலெக்டர் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினவன் நான். ஒரு கூட்டம் ரத்துன்னு நாங்க எழுதினதே கிடையாது. ஒத்திவைப்புதான்.

— அந்தக் கூட்டமெல்லாம் அப்புறம் நடந்துச்சாண்ணே?

— அது வேற செக்ஷன்.

— சரி. சைஸு?

— பழைய பேனர் என்ன சைஸு?

— பத்துக்கு எட்டு. நாலு மாசமா வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்புல வெயில்ல காய்ஞ்சிட்டிருக்குது. பாப்பா மூஞ்சி வெளுத்து வெளுத்து, அதுமட்டும் எப்பவோ ஜெர்மன்காரி ஆயிடுச்சு.

— அதே சைஸுல அடி. கம்மியா போட்டா, ஏதோ கோளாறு நடந்துடுச்சுன்னு நினைப்பானுங்க. பின்னால அந்தக் கோபுரமும் அப்படியே இருக்கட்டும்.

— அது ஈஃபில் டவருண்ணே. அது ஜெர்மனியிலயே இல்ல, பாரிஸ்ல இருக்குதுன்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

— பக்கத்து ஊருதானே. இங்கேர்ந்து பார்க்கறவனுக்கு என்ன தெரியப் போவுது?

— அண்ணே, உங்க நல்லதுக்குச் சொல்றேன். புதுசு எதுவும் வேணாம். பழசை சத்தமில்லாம எறக்கிடுங்க. ஜனங்க ஒரு வாரத்துல மறந்துடுவாங்க.

— மறக்க மாட்டாங்கடா. ஒரு வாரமா பார்க்கறேன், நான் டீக்கடைக்குள்ள கால் வெச்சா அத்தனை பேரும் பேச்சை நிறுத்தறாங்க. எழுந்து வழி விடறாங்க. ஒருத்தன் அவன் டீயையே எங்கிட்ட நீட்டறான். என்னா மரியாதை! ஜெர்மனிப் பொண்ணோட அப்பன்னு ஒரு இது இருக்குது பாரு. அது போயிடக் கூடாது.

— ஆங்... மரியாதைதாண்ணே.

— என்னய்யா இழுக்கற?

— ஒண்ணும் இல்ல. மவுஸ் மாட்டிக்கிச்சு. அது சரி, நிர்வாகக் காரணம்னு போட்டிருக்கீங்களே, அது என்ன நிர்வாகம்?

— வீட்டு நிர்வாகம்தான். எல்லாம் உங்க அண்ணி பாஞ்சாலையால வந்தது. பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் சாமி அலமாரியில வெச்சு, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவற மாதிரி நாலு மூலைக்கும் மஞ்சளைக் குழைச்சுத் தடவி, ஈரத்தோட மூடி, மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சிருக்கா. அதுவும் எந்தப் பக்கத்துல? போட்டோ இருக்கற பக்கத்துல.

— மெட்ராஸ்ல விசாவுக்குக் குடுக்கற இடத்துலதான் பிரிச்சுப் பார்த்துதாமே பாப்பா?

— எங்க பிரியுது? ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிச்சு. இழுத்தா, போட்டோ மேல இருந்த மேல்தாளு அப்படியே உரிஞ்சு வந்துடுச்சு. சேதமான பாஸ்போர்ட் செல்லாது, வேற வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. வேற ஒண்ணு எழுதிப் போட்டு, போலீஸ் வந்து விசாரிச்சு, அது கைக்கு வந்து, மறுபடியும் விசாவுக்குத் தேதி வாங்கறதுக்குள்ள அந்த ஆஸ்பத்திரிக்காரன் எத்தினி நாள் காத்திருப்பான்? வேற ஒருத்தியை எடுத்துட்டான்.

— ரெண்டு வருஷம் ஜெர்மன் படிச்சுதுண்ணே அந்தப் புள்ள. ஆஸ்பத்திரி டூட்டி முடிச்சு நேரா ரமணாசிரமம் பக்கம் போயிடும். காபி குடிக்க வர்ற வெள்ளைக்காரங்களை நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகுச்சு. ஒரு ஜெர்மன் தாத்தா எட்டு மாசமா மௌன விரதம். இது பேசற இலக்கணத்தைத் திருத்தறதுக்காகவே அந்த மனுஷன் விரதத்தை முடிச்சாரு.

— அதையெல்லாம் சொல்லாதடா. வயிறு எரியுது.

— அண்ணி என்ன சொல்றாங்க?

— என்னத்தச் சொல்லுவா? வாயே தொறக்கல. பாப்பா ஒன்றரை மாசம் அவகூட முகம் குடுத்துப் பேசல. அவ தட்டை வெச்சிட்டு அந்தாண்ட போவா, இது வந்து எடுத்துக்கும். ஒரே வீட்ல ரெண்டு பேரு லாட்ஜுல தங்கின மாதிரி.

— நடுவுல நீங்க எதுவும் சொல்லலையா?

— சொல்லாம இருப்பனா? "இப்படிப் பண்ணிட்டியே பாஞ்சாலை"ன்னு சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாலயும் சொன்னேன்.

— ம். சரிண்ணே, பழைய ஃபைலைத் திறக்கறேன். போட்டோ அதையே போட்டுக்கலாம். இதோ பாருங்க, நீங்க பாஸ்போர்ட்டைப் பிரிச்சுக் காட்டிட்டு நிக்கறது. இது பேனர்ல வந்தது. பக்கத்துல இருக்கறது, நீங்க வாட்ஸப்புல அனுப்பின ஒரிஜினல். பெருசு பண்றேன்.

— அதை எதுக்குப் பெருசு பண்ற?

— நாலு மூலையிலயும் மஞ்சள் மினுமினுன்னு இருக்குது பாருங்க. பேனர்ல அசிங்கமா தெரியும்னு இதை அழிக்க எனக்கு அரை நாள் ஆச்சு. அதோட இதையும் அழிச்சேன்.

— எதை?

— உங்க மோதிர விரலை. ரெண்டு கணு வரைக்கும் மஞ்சளா இருக்குதுண்ணே.

— சாம்பார் சாப்பிட்டிருப்பேன்.

— மோதிர விரல்ல மட்டுமா? அதோட அண்ணி அன்னிக்கு வீட்லயே இல்ல. தங்கச்சி பொண்ணு வளைகாப்புக்குச் செங்கம் போயிருந்தாங்க. போட்டோவுல அண்ணி எங்கன்னு நான் கேட்டதுக்கு நீங்கதான் சொன்னீங்க. "அவ இல்லன்னா என்ன, என்னைப் பெருசா போடு"ன்னீங்க.

— உனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி விமலு.

— பேனர் அடிக்கறவனுக்கு அது ஒரு வியாதிண்ணே. அவனவன் மாமனார் செத்த தேதியைக்கூட எங்கிட்டதான் வந்து கேக்கறானுங்க.

— நான் வேணும்னு பண்ணலடா. புது வண்டிக்கு வெக்கறோம், பத்திரிகைக்கு வெக்கறோம். பாஸ்போர்ட்டு அதைவிடப் பெரிய சமாச்சாரமாச்சேன்னு நல்லா கெட்டியா வெச்சேன். நல்லது நடக்கணும்னுதான்.

— வெச்சதைக் கேக்கலண்ணே. சொல்லாததைக் கேக்கறேன்.

— தொண்ணூத்தி ஒண்ணுல நான் துபாய்க்குக் கெளம்பினது உனக்குத் தெரியாது. நீ அப்போ பொடியன். தெருவே கூடி மாலை போட்டு பஸ் ஏத்துச்சு. பாம்பே வரைக்கும் போனேன். ஏஜென்ட் கம்பி நீட்டிட்டான். பத்தொம்போது நாள் பிளாட்பாரத்துல படுத்துக் கெடந்துட்டுத் திரும்பி வந்தேன். அப்புறம் அரசாங்க வேலை கெடைச்சுது, கல்யாணம் ஆச்சு, பாப்பா பொறந்தா, ரிட்டயரும் ஆயிட்டேன். இன்னிக்கும் பழைய ஆளுங்களுக்கு நான் பாம்பே சடையன்தான். பாப்பா ஃப்ளைட் ஏறினா அந்தப் பேரு ஒழியும்னு நினைச்சேன். வழியனுப்ப ரெண்டு வேனு, மேளம் எல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். அதையும் நானே கெடுத்தேன்னு எந்த வாயால சொல்றது?

— அதுக்கு அண்ணியா கிடைச்சாங்க?

— முதல்ல வாய்ல வந்துடுச்சு. அவளும் இல்லைன்னு சொல்லல. அப்புறம் திருப்பி எடுக்கத் தெரியல விமலு.

— விமல் சித்தப்பா, அந்தக் கவர் ரெடியா... அப்பா? நீங்க எங்க இங்க?

— வா பாப்பா. இன்னிக்கு டூட்டி இல்லியா?

— லீவு. என்னப்பா இது, மறுபடியும் பேனரா?

— சும்மா, ஒரு சின்ன அறிவிப்பு...

— "தேதி குறிப்பிடாமல்." "பெருமையுடன்." ம். சித்தப்பா, இதை நீங்களும் டைப் பண்ணிக் குடுத்திருக்கீங்க.

— தொழிலும்மா. சாவுக்கும் அடிக்கறேன், சடங்குக்கும் அடிக்கறேன். இந்தா உன் கவர். மடிக்காம கொண்டு போ.

— என்ன கவர் பாப்பா?

— லேமினேஷனுண்ணே. ஏதோ சர்ட்டிபிகேட்.

— அப்பா, புதுசு எதுவும் வேணாம். பழசை எறக்குங்க, அது போதும். டெய்லி என் மூஞ்சிக்குக் கீழேயே நின்னு நான் பஸ் ஏறறேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு டிக்கெட்னு கேட்டா, கண்டக்டர் "ஜெர்மனி ஆஸ்பத்திரிக்கா"ன்னு கேக்கறாரு. பஸ்ஸே சிரிக்குது.

— எறக்கிடறேன். இன்னிக்கே எறக்கிடறேன். பாப்பா, உக்காரு. ஒண்ணு சொல்லணும். விமலு, நீ கொஞ்சம் வெளிய இரேன்.

— இது என் கடைண்ணே.

— சரி, இரு. பாப்பா... அந்த மஞ்சள். பாஸ்போர்ட்டுல தடவினது. அது அம்மா இல்ல.

— ம்.

— நான்தான்.

— சரி.

— சரியா? என்ன பாப்பா, சரின்னுட்ட? திட்டு. கத்து. இந்த ஸ்டூலைத் தூக்கி வீசு.

— அதெல்லாம் முன்னாடியே முடிச்சிட்டேன்ப்பா. அம்மா மேல. ஒன்றரை மாசம். இப்போ எங்கிட்ட மிச்சம் எதுவும் இல்ல.

— உனக்கு எப்போ தெரியும்?

— செங்கம் சித்தி வளைகாப்பு போட்டோவெல்லாம் அனுப்பினாங்க, தேதியோட. பாஸ்போர்ட்டை சாமி அலமாரியில வெச்ச அதே நாளு. அதுல அம்மா வளையல் அடுக்கிட்டு இருக்காங்க. நான் அன்னிக்கு டூட்டியில இருந்தேன். வீட்ல இருந்தது நீங்க ஒருத்தர்தான். அம்மாகிட்ட போய் ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். "அந்த மனுஷனுக்கு இருக்கறதே அந்த வீறாப்பு ஒண்ணுதான், விடு"ன்னாங்க.

— பாஞ்சாலையா அப்படிச் சொன்னா?

— அன்னிக்குத்தான் அம்மா மடியில படுத்து அழுதேன். ஜெர்மனிக்காக இல்ல. நீங்களே ஒரு நாள் சொல்லுவீங்கன்னு ரெண்டு பேரும் பார்த்துட்டே இருந்தோம். சொல்லிட்டீங்க. கொஞ்சம் லேட்டு.

— லேட்டெல்லாம் இல்ல பாப்பா. இனிமே பாரு. நானே மெட்ராஸ் வரேன், நானே வரிசையில நிக்கறேன். வேற ஆஸ்பத்திரி பார்ப்போம். இந்த உலகத்துல ஜெர்மனி ஒண்ணுதானா இருக்குது?

— இல்லப்பா. வேற வேலை கிடைச்சிடுச்சு.

— எப்போ?

— போன மாசம். புது பாஸ்போர்ட்ல விசாவும் வந்துடுச்சு. வியாழக்கிழமை ஃப்ளைட்.

— எந்த வியாழக்கிழமை?

— இந்த வியாழக்கிழமை.

— நாளன்னிக்கா? வீட்ல பெட்டி எதுவும் கட்டலையே?

— பெட்டி சித்தி வீட்ல இருக்குதுப்பா.

— எந்த நாடு பாப்பா?

— போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணிச் சொல்றேன்ப்பா.

— பாஸ்போர்ட்டு? அது பத்திரமா இருக்குதா?

— எங்கிட்டயே இருக்குது. யாரும் தொடல.

— நான் ஒரே ஒரு தடவை பார்த்துட்டு...

— டைம் ஆச்சுப்பா. அம்மா ஆட்டோவுல காத்திருக்காங்க. மத்தியானம் சாப்பாடு மூடி வெச்சிருக்குது, போட்டுச் சாப்பிடுங்க. மாத்திரை மறக்காதீங்க. வரேன் சித்தப்பா.

— போய்ட்டு வாம்மா. நல்லா இரு.

— விமலு.

— சொல்லுங்கண்ணே.

— ஆட்டோ போயிடுச்சா?

— போயிடுச்சுண்ணே.

— பாஞ்சாலை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாளா?

— ஆட்டோவுல படுதா விட்டிருந்துச்சு. தெரியல.

— அந்தக் கவர்ல இருந்தது சர்ட்டிபிகேட் இல்ல, அப்படித்தானே?

— போட்டோண்ணே. போற எடத்துல அடையாளக் கார்டு எடுக்கறதுக்கு. விசா போட்டோவும் இங்கதான் எடுத்துச்சு.

— விசா போட்டோ நாட்டுக்கு நாடு சைஸு மாறும்னு நீ ஒரு தடவை சொல்லியிருக்க.

— மாறும்ணே.

— அப்போ உனக்குத் தெரியும். சொல்லுடா. பேனரெல்லாம் வெக்க மாட்டேன், சத்தியமா. வீட்ல பழைய மேப்பு ஒண்ணு இருக்குது. எம்பொண்ணு எந்த எடத்துல இருக்கான்னு விரலை வெச்சுப் பார்த்துக்கறேன், அவ்ளோதான்.

— என்னைக் கேக்காதீங்கண்ணே. அண்ணிக்கு வாக்கு குடுத்துட்டேன்.

— வேற யாருக்குத் தெரியும்? அவனைக் கேட்டுக்கறேன்.

— ஊருக்கே தெரியும். உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு அண்ணி வீடு வீடா போய்க் கேட்டுக்கிட்டாங்க.

— டீக்கடையில எல்லாரும் எழுந்து வழி விட்டாங்களே விமலு.

— அது மரியாதை இல்லண்ணே.