தளைக்கயிறு

பகல் பன்னிரண்டரை மணி. சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குத் தெற்கே போகிற மண் ரோடு. பங்குனி வெயில். ஆள் இல்லை, மாடு இல்லை, ஒரு காக்கை கூட இல்லை...

என்ன சிரிக்கிறீர்கள்? பேய்க் கதை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிதானா? கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டது, நமக்கெல்லாம் இந்த இருட்டுதான் பயம். நம் ஊர்ப் பெரியவர்கள் உச்சி வெயிலுக்குத்தான் பயந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியை அந்த நேரத்தில் வாசலுக்கே விடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். நான் சொல்கிறேன். பீடியை அணைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

அந்த ரோட்டில் ஒரு பொம்பளை தனியாக நடந்து வருகிறாள். ஞானபூரணம் என்று பெயர். என் கூட்டாளி சங்கரலிங்கத்தின் சொந்தச் சித்தி. ஒரு கையில் தூக்குச்சட்டி. இன்னொரு கையில் சுருட்டிப் பிடித்த ஒரு கயிறு. முகத்தில் பயம் என்கிற பேச்சே இல்லை. அவ்வளவும் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் வருகிறது.

தொப்... டக், டக். தொப்... டக், டக்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வருவது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

முன்கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஆட்டோ வராத காலம் அது. ரயிலை விட்டு இறங்கினால் கோயிலுக்குப் போக ஜட்காதான். வண்டிக்காரர்களுக்குக் குதிரையைக் கட்ட இடமில்லை. ரோட்டோரம் கட்டுவார்கள், பஸ்காரன் ஹாரன் அடித்து வைவான். ஞானபூரணத்தின் புருஷன் செத்து, உழவு மாட்டையும் விற்றபிறகு மாட்டுத் தொழு சும்மா கிடந்தது. அதில் நாலு தடுப்புப் போட்டுக் கூரை மேய்ந்து, கல்தொட்டி வைத்து, லாயமாக்கி வாடகைக்கு விட்டாள். பின்னால் இருந்த புல்லுக்காட்டையும் சேர்த்துத்தான். காலையிலும் சாயங்காலமும் வண்டிக்கு ஓட்டம், நடுப்பகலில் குதிரைகள் அங்கே மேயும். புருஷன் போனவள் அண்ணன் வீட்டு அடுப்படியில் முடங்கிக் கிடப்பாள் என்று எதிர்பார்த்த சொந்தக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. ‘குதிரைக்காரி’ என்று கேலி பேசினார்கள். அவள் அந்தப் பெயருக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

ரொம்பவும் எரிந்தது அவள் கொழுந்தன் ஆறுமுகச்சாமிக்கு. பாகம் பிரிக்காத சொத்து. அந்த இடத்தில் தறிக்கூடம் போடவேண்டும் என்று அவனுக்கு ஆசை. குதிரை நிற்கிறவரை மதினியைக் கிளப்ப முடியாது. நேருக்கு நேர் சண்டை போட்டிருந்தாலாவது ஆம்பளை என்று சொல்லலாம். சிரித்துக்கொண்டே குழி பறிக்கிற ஜாதி அவன்.

புல்லுக்காட்டின் மூலையில் ஒரு மொட்டைக் கிணறு. சுவர் கிடையாது. சுற்றி உடைமுள் வேலி போட்டிருந்தாள். அங்கே மேய்கிற குதிரைகளில் சிட்டு என்று ஒன்று. மம்மது என்கிற வயசான ஜட்காக்காரரின் குதிரை. சந்தனக் கலர், இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. மேய விடும்போது முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டுவிடுவார். தளை போட்ட குதிரை எப்படி நடக்கும் தெரியுமா? முன்னங்கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி, தொப்பென்று வைக்கும். பின்னங்கால் இரண்டும் டக், டக் என்று தனித்தனியாக வரும்.

அந்தத் தளைக்கயிறு கடையில் வாங்கினதில்லை. மம்மதுவின் பெண்சாதி ஷம்சாத் பேகம், தன்னுடைய பழைய பச்சைச் சேலையைக் கிழித்துக் கத்தாழை நாரோடு சேர்த்து முறுக்கினது. குதிரைக்குக் கால் உரசக்கூடாதாம். அந்தம்மா மௌத்தாகி, கண்ணை மூடி வருஷம் பல ஆகியும் கயிறு இற்றுப்போகவில்லை. மம்மது இடதுகைக்காரர். அவர் போடுகிற முடிச்சு தலைகீழாக இருக்கும். மற்றவர்கள் அவிழ்க்கத் திணறுவார்கள்.

ஒருநாள் ஆறுமுகச்சாமி வந்து கிணற்று வேலி முள்ளை வாரிக்கொண்டு போனான். தன் தோட்டத்துக்கு வேண்டுமாம். ஞானபூரணம் வீடு தேடிப் போய்ச் சத்தம் போட்டாள். “நாளைக்கு வச்சிருதேன் மதினி, ஏன் இந்தக் கத்து கத்துதிய?” என்றான். நாளைக்கு, நாளைக்கு என்று அது தள்ளிக்கொண்டே போனது.

கொள்ளு வாங்க அவள் கடைத்தெருவுக்குப் போன ஒரு மத்தியானம். திரும்பி வரும்போது ரோட்டிலேயே கேட்டுவிட்டது. குதிரை அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. ஓடி வந்தால், வேப்பமரத்தடியில் ஆறுமுகச்சாமி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறான்.

“ஏலே, என்ன சத்தம் அது?”

“குதிரைன்னா கத்தத்தான் செய்யும் மதினி” என்றான். சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினான்.

கிணற்றுக்குள் சிட்டு. முன்னங்கால் இரண்டும் கட்டிக் கிடக்கிறது, எப்படி நீந்தும்? அவள் கூப்பாடு போட்டு ஆள் சேர்த்துக் கப்பியும் கயிறும் கொண்டு வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. அவன் கிணற்றில் குதித்திருக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசல் வரை ஓடி ஒரு குரல் கொடுத்திருக்கலாம். சோற்றை வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். அவன் விரல் கூட வழித்து நக்கினானாம்.

குதிரையை மேலே தூக்கிப் போட்டார்கள். சேதி கேட்டு ஓடி வந்த மம்மது அழவில்லை. குனிந்து தளையை அவிழ்த்தார்.

“வேற ஒண்ணும் வேண்டாம் தாயி. இந்தக் கயித்த மட்டும் கொண்டு போறேன். அவ முறுக்குனது.”

ஆறுமுகச்சாமி எட்டி அதைப் பறித்தான். “அதெப்படி? எங்க தொழுவுல கட்டுன கயிறு வெளிய போகக்கூடாது. லெச்சுமி போயிருவா.”

நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். மாட்டை விற்றாலும் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு மாட்டை மட்டும்தான் கொடுப்போம். ஆனால் அது அவனவன் மாட்டுக்கு. குதிரை மம்மதுவுடையது. கயிறும் மம்மதுவுடையது. வாடகைக்கு நின்ற உயிரின் கயிற்றுக்கு இவன் என்ன சொந்தம்? கூடியிருந்த அத்தனை பேரும் லட்சுமி என்ற சொல்லைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஞானபூரணம் ஒருத்திதான் கத்தினாள். ஒற்றைப் பொம்பளை கத்தல் எங்கே எடுபடும்? கயிறு லாயத்து விட்டத்தில் தொங்கியது. மம்மது வெறும் வண்டியை விற்றுவிட்டுக் கடையநல்லூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

அந்த வாரம் கழியவில்லை...

உச்சி நேரம். லாயத்தில் திடீரென்று ஊறின கொள்ளு வாசம். அதோடு கிணற்றுப் பாசியின் வீச்சம். அப்புறம் அந்தச் சத்தம். தொப்... டக், டக். கிணற்று மேட்டிலிருந்து லாயம் வரைக்கும் ஈரக் குளம்படி. முன் குளம்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒட்டினாற்போல. வெயிலில் காயக் காய மறுபடியும் ஈரமாகும்.

மற்ற குதிரைகள் வாசல் தாண்ட மறுத்தன. காதை மடக்கிக்கொண்டு, நுரை தள்ளி, பின்னுக்கு இழுத்தன. ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தண்டவாளம் வரைக்கும் ஓடியது. “தப்பா நெனைக்காதிய தாயி” என்று சொல்லி ஒவ்வொருவராகப் போனார்கள். லாயம் காலி. அவள் ஒருத்தியாக நின்று உண்டாக்கினது அது. குதிரை இல்லாவிட்டால் மறுபடியும் அண்ணன் வீட்டு அடுப்படிதான்.

மறுநாள் மத்தியானம் அவள் லாயத்துக்குள் போய் நின்றாள். சத்தம் வந்தது. அவளைத் தாண்டிப் போனது. கயிறு தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே நின்றது. காற்று துளிகூட இல்லை. கயிறு ஆடுகிறது... கீழே மூச்சு விடுகிற சத்தம். உஸ்ஸ்... உஸ்ஸ்...

ஞானபூரணத்துக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். கயிறு எங்கே இருக்கிறதோ அங்கேதானே அது வந்து நிற்கும்? வாயில்லாத ஜீவனுக்கு வேறு என்ன தெரியும்?

கொழுந்தனிடம் போனாள். கயிற்றை உடையவரிடம் கொடுத்துவிடுகிறேன், சிட்டு அதோடு போய்விடும், லாயம் பிழைத்துவிடும் என்றாள். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்: “கயிறு அங்கனயே தொங்கட்டும் மதினி. திங்கக்கெழம கொத்தனார் வாரான்.”

“அப்ப தெரிஞ்சேதான் வச்சிருக்கியாலே?”

அவன் சிரித்தான். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் தைத்துவிட்டது.

அதற்கு மறுநாள்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பகல், வெள்ளிக்கிழமை. புளிச்சோறு கிண்டித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டாள். கயிற்றை விட்டத்திலிருந்து இறக்கினாள். “வா. உன் வீட்டுல கொண்டு விடுதேன்” என்றாள். கடையநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க நடக்கிறாள். பின்னால் தொப்... டக், டக். சாதுவாகத்தான் வருகிறது. அவள் நின்றால் அதுவும் நிற்கிறது.

பாதி ரோட்டில் சைக்கிள் மணி. ஆறுமுகச்சாமி. விட்டத்தில் கயிறு இல்லாததைப் பார்த்துவிட்டு விரட்டி வந்திருக்கிறான். வந்த வேகத்தில் அவள் மணிக்கட்டைத் திருகிக் கயிற்றைப் பிடுங்கினான். தூக்குச்சட்டி ரோட்டில் உருண்டது.

“திருட்டு முண்ட” என்றான். அண்ணன் பெண்சாதியைப் பார்த்து.

“வேண்டாம்லே. பின்னால நிக்கு” என்றாள் அவள்.

அவன் ரோட்டைப் பார்த்தான். வெயில்தான் நின்றது. சிரித்துக்கொண்டே கயிற்றைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான்.

இன்னொரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். கையைக் காலைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை. சத்தம் அவளுக்குப் பின்னால் மெல்லத் திரும்பியது. ஈரக் காற்று ஒன்று கன்னத்தில் பட்டது. பாசி வீச்சம், கொள்ளு வாசம். சைக்கிள் போன பக்கமாகவே... தொப். டக், டக். தொப். டக், டக். முன்னைவிட வேகமாக.

ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரம். ஞானபூரணம் அதன் நிழலில் உட்கார்ந்தாள். மூடி திறக்காததால் சோறு சிந்தவில்லை. திறந்து தின்ன ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஆடு மேய்க்கிறவன் பார்த்துவிட்டு ஊருக்குள் ஓடினான். சைக்கிள் லாயத்து வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்றது. ஆறுமுகச்சாமி கிணற்றில் மிதந்தான். அவனை மேலே எடுத்துப் போட்டவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பச்சைக் கயிறு. தளை. தலைகீழ் முடிச்சு. மம்மதுவா? அந்த நேரத்தில் மம்மது கடையநல்லூர்ப் பள்ளிவாசலில் ஜும்மா தொழுகையில் நின்றார். முன்னும் பின்னும் ஆட்கள், அத்தனை பேரும் சாட்சி. இவளா? ஒல்லிக்குச்சி உடம்பு. அவன் எருமைக் கிடா.

முடிச்சை அவிழ்க்க ஆம்பளைகள் முட்டி மோதிப் பார்த்தார்கள். முடியவில்லை. ஞானபூரணம் வந்து குனிந்தாள். தினமும் மம்மது அவிழ்க்கிறதைப் பார்த்தவள். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள், கழன்று வந்துவிட்டது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இந்தத் தடவை லட்சுமியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கயிறு கடையநல்லூர் போய்ச் சேர்ந்தது. குதிரைகளும் ஒவ்வொன்றாக லாயத்துக்குத் திரும்பின. அதெல்லாம் கிடக்கட்டும். அன்றைக்குச் சாயங்காலம் விசாரிக்க வந்த ஏட்டு கேட்டதைச் சொல்கிறேன்.

“மத்தியானம் பூரா ரோட்டுல வேப்பமரத்தடியில இருந்தேன்னு சொல்லுத. கூப்புடு தூரம். இவன் கத்துனது உனக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சே. ‘மதினி, மதினி’ன்னு ரொம்ப நேரம் கேட்டுச்சு.”

“பெறவு ஏன் போய்ப் பாக்கல?”

கழுவின தூக்குச்சட்டியை மூடி, சேலை முந்தியில் விரலைத் துடைத்துக்கொண்டே ஞானபூரணம் சொன்னாள்:

“குதிரைன்னா கத்தத்தான் செய்யும்.”