இட்லிச் சட்டியில் வெந்த மூக்குத்தி

“மூக்குத்திய இட்லிச் சட்டியில இருபது நிமிசம் வேக வெச்சேனுங்க்கா.”

அன்னூர் பஸ்ஸில் என் பின்சீட்டிலிருந்து இது கேட்டது. கணபதியில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஏறிய பெண்ணின் குரல். மாஸ்க்கை இறக்கியபோது பக்கத்தில் இருந்த அக்கா மூக்கு வீக்கத்தைப் பார்த்து விசாரித்திருக்க வேண்டும்.

“மூக்குத்தியவா அம்மணி?”

“ஆமாங்க. புதுசா குத்துன மூக்கு, கிருமி சாகோணுமில்லீங்க? கையக்கூட மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனேன்.”

“அவ்வளவு பண்ணியுமா சீழ் புடிச்சுது?”

“திருப்பி மாட்டறப்ப உள்ள போகவே மாட்டேன்னுதுங்க. எச்சிலத் தொட்டு மாட்டிப்போட்டேன்.”

அக்கா இருமினார். சிரிப்பை அப்படித்தான் அடக்கினார் என்று நினைக்கிறேன்.

“ஏன் அம்மணி, கணபதியில இல்லாத டாக்டரா? இந்த மூக்கோட அன்னூர் வரைக்கும் போகோணுமா?”

“கணபதியில நான் வேலை பாக்கறதே ஆஸ்பத்திரியிலதானுங்க்கா.”

“அப்புறமென்ன, அங்கயே காட்டறது?”

“எப்படிங்க காட்டறது? ஆபரேசன் கத்தி, கத்திரியெல்லாம் வேக வெச்சு, சுத்தம் பண்ணிக் குடுக்கறதே நாந்தானுங்க.”