அக்காவுக்கு ஆகாத சோம்பு

— நிறுத்து. உடல்நிலை காரணமாகன்னு எழுதாதே. மூக்கு போச்சுன்னு நேராவே எழுது.

— அதாவது அக்கா, ராஜினாமாக் கடுதாசியில யாராவது மூக்கைப் பத்தி எழுதுவாங்களா?

— நான் எழுதுவேன். பதினேழு வருஷம் அந்த ஹோட்டல் சமையல்கட்டுல தலைமை மாஸ்டரா நின்னவ. போறப்ப பொய் சொல்லிட்டா போகணும்? காய்ச்சல் வந்து அஞ்சு மாசமாச்சு, ஒரு வாசனையும் தெரியலை, நாக்குல உப்பு புளிப்பு தவிர ஒண்ணும் ஒட்டலைன்னு எழுது.

— அதாவது, முதலாளி உன்னைப் போகச் சொல்லலையே.

— அவர் சொல்லமாட்டார்டா. அதான் எனக்கு இன்னும் கஷ்டம். நேத்து பெரிய அண்டாவுல பால் அடிப்பிடிச்சுது. நான் பக்கத்துலயே நிக்கிறேன். பாத்திரம் தேய்க்கிறவ பின்வாசல்லேர்ந்து ஓடி வந்து அடுப்பை அணைக்கிறா. அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே, செத்துடலாம் போல இருந்துச்சு.

— சாப்பிட்டுக்கிட்டே சொல்லு. ஆறிடும்.

— ஆறினா என்ன, சுட்டா என்ன. எனக்கு எல்லாம் வைக்கோல்தான். எழுது. நாளைக்குக் காலையில ஸ்டோர் சாவியை ரெண்டாவது மாஸ்டர்கிட்ட ஒப்படைக்கிறேன். அவனுக்கு உப்புல கை கொஞ்சம் தாராளம். மத்தபடி நல்லவன். இதை எழுதாதே, உனக்குச் சொல்றேன். அப்புறம்... டேய்.

— சொல்லு.

— இந்தப் பருப்புல என்னத்தடா போட்டே?

— என்ன போட்டேன்?

— நடிக்காதே. சோம்பு. தூ. சீ. அந்தத் தண்ணியைக் குடு முதல்ல.

— எங்கயாவது ஒண்ணு கண்ணுல பட்டுச்சா?

— ஒண்ணும் படலை.

— எப்படிப் படும்? நைசா அரைச்சுல்ல போட்டேன்.

— அரைச்சு வேற போட்டியா? சின்ன வயசுல என் தலையணை உறைக்குள்ள சோம்பைக் கொட்டி வச்சவன்தானே நீ. அம்பது வயசாகியும் புத்தி மாறலை பாரு. மாப்பிள்ளை வீடு பூரா சோம்பு நாத்தம்னு ஒரு நல்ல சம்பந்தத்தையே வேண்டாம்னவ நான். பொழப்பே போகுதேன்னு உட்கார்ந்திருக்கேன், இப்பவா உனக்கு விளையாட்டு?

— இன்னும் திட்டு.

— திட்டாம கொஞ்சுவாங்களா? கையெல்லாம் நாறுது.

— எப்படி நாறுது?

— சோம்பு எப்படி நாறும்? இனிச்சுக்கிட்டு, குமட்டிக்கிட்டு, ஊறிப்போன வாசனை சோப்பை வாய்க்குள்ள திணிச்ச மாதிரி. தொண்டை வரைக்கும் நிக்குது சனியன். எதுக்குடா சிரிக்கிறே? ஐயோ, எதுக்கு அழறே?

— அக்கா, டாக்டர் உனக்குப் பிடிச்சதா பார்த்து தினமும் மோந்து பார்க்கச் சொன்னாருல்ல? ஏலக்காய், கிராம்பு, காபிப் பொடின்னு வரிசையா மோந்தே. ஒண்ணும் வரலை. அதான் உனக்குப் பிடிக்காததைக் கொடுத்துப் பார்ப்போம்னு தோணுச்சு. அப்புறம் இந்த நாலு மாசமா நான் சமைச்சுப் போட்ட ஒவ்வொரு வேளையும் சோம்பு இருந்துச்சு. எல்லாத்தையும் பேசாம தின்னுட்டு எந்திரிச்சுப் போனே. இன்னைக்குத்தான் துப்பியிருக்கே.

— நாலு மாசமாவா? தினமுமா?

— ஆமாக்கா. இந்தக் கடுதாசியை என்ன பண்ண?

— அது கிடக்கட்டும். அந்தத் தட்டை இப்படித் தள்ளு. எனக்கு இன்னும் ஒரு வாய் சோம்பு வேணும்.